ஏன் இரண்டு விதமாகக் ‘கரண்ட்’ வைக்கிறார்கள்?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் மூத்த குடிமக்களுக்காகப் பேசியதன் எழுத்து வடிவம்)



முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மருத்துவர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் குடும்பத்தில் ஒருவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய் வந்தபோது ஃபைலைத் தூக்கிக்கொண்டு கூடவே அலைந்தவன். அந்த அலைச்சலில் கேட்டதையும், அதன்பின் தேடிப் படித்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளச் சொல்லிச் செயலாளர் கேட்டார். உங்கள் வைத்தியத்தை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மருத்துவர்தான். அவரிடம் என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொண்டு போவதற்கு இந்தப் பேச்சு உதவினால் போதும்.

இன்று எடுத்துக்கொண்டது ஒரே விஷயம். புராஸ்டேட் புற்றுநோய்க்கு வெளியிலிருந்து ஒரு கதிர்வீச்சு, உள்ளே வைத்து ஒரு கதிர்வீச்சு என்று இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறார்களே, அது எதற்கு?

நம் பக்கத்தில் கதிர்வீச்சைக் ‘கரண்ட் வைக்கிறது’ என்பார்கள். ‘ஒரு விதமா கரண்ட் வச்சது பத்தாதுன்னு இன்னொரு விதமாவும் வைக்காங்கன்னா, ஆளு அவ்வளவுதான்’ என்று டீக்கடையிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு நோயாளியின் மனசு உடைந்துபோகிறது. அந்தத் தீர்ப்பு தவறு. இந்த நோயில் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது, கைவிட்ட நிலையில் செய்கிற காரியம் இல்லை. நோய் இன்னும் பரவவில்லை, குணப்படுத்தப் பார்க்கலாம் என்று மருத்துவர் நினைக்கிறபோது செய்வது. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. பற்று, வரவு இரண்டு பக்கத்தையும் எழுதிக் காட்டுகிறேன். பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்தச் சுரப்பி எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். புராஸ்டேட் ஆண்களுக்கு உள்ள சுரப்பி. பெரிய நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. சிறுநீர்க் குழாய் அதன் நடுவில் புகுந்துதான் வெளியே வருகிறது. இந்த இருப்பிடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று நான் சொல்லப்போகும் நன்மை, தீமை எல்லாம் இந்த இருப்பிடத்தால் வருவதுதான்.

வயது ஏறினால் இந்தச் சுரப்பி பெருப்பது சகஜம். ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்து போவது, நின்று நின்று வருவது, சொட்டுச் சொட்டாகப் போவது எல்லாம் பெரும்பாலும் இந்தச் சாதாரண வீக்கத்தால் வருவது. வீக்கம் வேறு, புற்றுநோய் வேறு. சங்கடம் என்னவென்றால், புற்றுநோய் ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் காட்டாமலே இருக்கலாம். பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை ஒரு துப்பு கொடுக்கும். அது கூடுதலாக இருந்தாலே புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை. வீக்கத்திலும் கூடும், கிருமித் தொற்றிலும் கூடும். சந்தேகம் வந்தால் ஸ்கேன் எடுத்து, ஊசி மூலம் சதைத் துணுக்கு எடுத்து ‘பயாப்சி’ பார்த்துத்தான் உறுதி செய்வார்கள்.

பயாப்சி அறிக்கையில் ‘கிளீசன்’ என்று ஒரு எண் வரும். 6 என்றால் மந்தமான நோய், 7 நடுத்தரம், 8 முதல் 10 வரை வேகமான நோய். இதோடு பி.எஸ்.ஏ. 10-க்குக் கீழா, 10 முதல் 20-க்குள்ளா, 20-க்கு மேலா என்று பார்ப்பார்கள். கட்டி சுரப்பிக்குள்ளேயே இருக்கிறதா, ஓட்டைத் தாண்டிவிட்டதா என்றும் பார்ப்பார்கள். இந்த மூன்றையும் சேர்த்து ஆபத்து குறைவு, நடுத்தரம், அதிகம் என்று தரம் பிரிப்பார்கள். வங்கியில் கடன் கேட்டு வருகிறவரை மூன்று விஷயம் பார்த்துத் தரம் பிரிப்போமே, அதே மாதிரிதான். ஆபத்து குறைந்த நோய்க்குச் சில நேரம் எந்தச் சிகிச்சையும் கொடுக்காமல், சோதித்துக்கொண்டே வருவார்கள். அதுவும் முறையான வைத்தியம்தான். இரண்டு கதிர்வீச்சு என்ற பேச்சு வருவது மற்ற இரண்டு தரத்தில், முக்கியமாக மூன்றாவதில்.

இனி கதிர்வீச்சுக்கு வருவோம். கரண்ட் என்பது பேர்தான். உடம்புக்குள் மின்சாரம் பாய்வதில்லை. லீனியர் ஆக்சிலரேட்டர் என்ற இயந்திரத்திலிருந்து அதிக ஆற்றலுள்ள எக்ஸ்-கதிர் வருகிறது. அது செல்லின் உள்ளே இருக்கும் மரபுப் பொருளை உடைக்கிறது. நல்ல செல்லும் அடி வாங்கும், புற்றுச் செல்லும் அடி வாங்கும். ஆனால் அடிபட்ட இடத்தைப் பழுது பார்த்துக்கொள்வதில் நல்ல செல் கெட்டிக்காரத்தனம் உள்ளது. அதனால்தான் மொத்தக் கதிரையும் ஒரே நாளில் கொடுக்காமல் தவணை தவணையாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

கதிரின் அளவை ‘கிரே’ என்ற கணக்கில் சொல்வார்கள். வெளிக்கதிர்வீச்சு மட்டும் கொடுத்தால், பழைய முறையில் தினம் 2 கிரே வீதம் 39 தவணை, மொத்தம் 78 கிரே. வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் ஏறத்தாழ எட்டு வாரம். இப்போது பல இடங்களில் தினம் 3 கிரே வீதம் 20 தவணையில், 60 கிரேயோடு முடிக்கிறார்கள். பிரிட்டனில் 3,200 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய ஆய்வின் முடிவு 2016-ல் வந்தது. இந்தக் குறுகிய முறை பழைய நீண்ட முறைக்குக் குறைந்தது இல்லை என்று அதில் தெரிந்தது. தவணை குறைந்தால் நம்மைப் போன்ற ஊர்க்காரர்களுக்கு அலைச்சல் குறையும்.

அப்படியானால் வெளிக்கதிரையே இன்னும் கூட்டிக் கொடுத்து நோயை ஒழித்துவிடலாமே என்று கேட்கலாம். அங்கேதான் அந்த இருப்பிடம் குறுக்கே வருகிறது. வெளியிலிருந்து வரும் கதிர் சுரப்பியை அடையும் முன்னும் உடம்பைக் கடக்க வேண்டும், அடைந்த பின்னும் கடந்து போக வேண்டும். முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல். பல திசையிலிருந்து கதிரைப் பாய்ச்சி, கட்டியின் வடிவத்துக்கு ஏற்ப வளைத்து, தினமும் படம் எடுத்துச் சரிபார்த்து எவ்வளவோ முன்னேறியிருக்கிறார்கள். ஆனாலும் ஓர் எல்லைக்கு மேல் போனால் அக்கம்பக்கம் புண்ணாகும்.

பருத்திக் காட்டில் கைத்தெளிப்பானை முதுகில் கட்டிக்கொண்டு மருந்து அடிக்கிறோம். வரப்பிலும் கொஞ்சம் விழத்தான் செய்யும். ஒரு குறிப்பிட்ட செடிக்கு மட்டும் கூடுதலாக வேண்டுமென்றால் தூரில் போய் வைக்க வேண்டும். கதிரைத் தூரில் வைக்கிற வேலைக்குப் பெயர்தான் ‘பிராக்கிதெரபி’. உள்கதிர்வீச்சு என்று சொல்லலாம். கதிர் வீசும் சின்னத் துகளைச் சுரப்பிக்குள்ளேயே கொண்டு வைப்பது. இதில் இயற்கையே நமக்கு ஒரு சலுகை தருகிறது. கதிர் மூலத்திலிருந்து தூரம் இரண்டு மடங்கு ஆனால் கதிரின் வலிமை நாலில் ஒரு பங்காகிவிடும். மூன்று மடங்கு ஆனால் ஒன்பதில் ஒரு பங்கு. அதனால் சுரப்பிக்குள் மிகக் கூடுதலாகக் கொடுக்கலாம், அக்கம்பக்கத்துக்குப் போவது சட்டென்று குறையும்.

அப்படியென்றால் உள்கதிரே போதுமே, வெளிக்கதிர் எதற்கு என்று அடுத்த கேள்வி வரும். வேகமான நோயில், கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாத சில செல்கள் சுரப்பியின் ஓட்டைத் தாண்டி ஒட்டினாற்போல் இருக்கலாம். இடுப்புப் பகுதியில் உள்ள நிணநீர் முடிச்சுகளுக்கும், அதாவது நெறி என்கிறோமே அதற்கும், போயிருக்கலாம். உள்கதிர் அவ்வளவு தூரம் எட்டாது. சுற்றுவட்டாரத்தைத் துடைக்க வெளிக்கதிர், நடுவில் உள்ள கட்டியை அழிக்க உள்கதிர். இரண்டுக்கும் இரண்டு வேலை. ஒன்று தோற்றுப்போனதால் மற்றது வருவதில்லை. தொடக்கத்திலேயே இரண்டையும் சேர்த்துத் திட்டமிடுகிறார்கள். இந்த ஒரு விஷயத்தை நீங்கள் வீட்டுக்கு எடுத்துப் போனால் போதும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை, வெளிநாட்டு வித்தையும் இல்லை. நம் பெண்களைக் கேளுங்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பல பத்தாண்டுகளாக இப்படித்தான் வைத்தியம். ஐந்து வாரம் போல வெளிக்கதிர், அதோடு சில முறை உள்ளே வைத்துக் கதிர். நம் வட்டாரத்தில் அந்தச் சிகிச்சை முடித்து வந்து, மறுபடி களையெடுக்கப் போன அக்காமார், மதினிமார் உண்டு. அவர்கள் யாரும் மேடையேறிச் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆம்பிளைகளுக்கு அதே வைத்தியம் என்றதும் ‘ஆளு அவ்வளவுதான்’ என்கிறோம்.

கதிர் மூலத்தைக் கட்டிக்குள்ளேயே வைத்தால் என்ன என்று 1903-லேயே எழுதியவர் யார் தெரியுமா? டெலிபோனைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல். ஒரு கண்ணாடிக் குழாயில் சிறிது ரேடியத்தை அடைத்துப் புற்றுக்கு நடுவில் வைக்கலாமே என்று ஒரு மருத்துவருக்குக் கடிதம் எழுதினார். நம் மாநிலத்தில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் விடாமுயற்சியால் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. 1950-களிலேயே அங்கு கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி வந்தது. வந்தது கனடாவிலிருந்து. அந்தக் கனடா இந்தப் பேச்சில் இன்னொரு தடவை வரும்.

புராஸ்டேட்டுக்கு உள்கதிர் கொடுப்பதில் இரண்டு வகை உண்டு.

முதல் வகையில் அரிசி அளவே உள்ள மணிகளைச் சுரப்பிக்குள் நட்டுவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். எழுபது, எண்பது, சில நேரம் நூறு மணிகூட இருக்கும். பெரும்பாலும் அயோடின்-125 என்ற தனிமத்தால் ஆனவை. இதன் அரை ஆயுள் ஏறத்தாழ 60 நாள். காமர்ஸ் படித்தவர்களுக்குக் குறைந்துசெல் மதிப்பு முறைத் தேய்மானம் நினைவிருக்கும். முதல் 60 நாளில் பாதி தேயும். அடுத்த 60 நாளில் மீதியில் பாதி தேயும். பத்து மாதத்தில் நூற்றுக்கு மூன்று பங்குதான் மிஞ்சும். வெற்று மணி உள்ளேயே கிடக்கும், தொந்தரவு இல்லை. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசி வழியாக இதை நடும் முறையை டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் ஹோம் 1983-ல் வெளியிட்டார். நம் நாட்டில் பாபா அணு ஆராய்ச்சி மையமும் இந்த அயோடின் மணிகளைச் செய்திருக்கிறது. அதற்கு வைத்த பெயர் ‘ஆக்கு-புராஸ்டா’. கண்ணுக்கும் புராஸ்டேட்டுக்கும் என்று பொருள். சென்னை சங்கர நேத்ராலயாவில் கண் புற்றுநோய்க்கு அவற்றைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இரண்டாவது வகையில் எதையும் உள்ளே விட்டுவைப்பதில்லை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்துவிட்டு, விதைப்பைக்கும் மலவாய்க்கும் நடுவில் உள்ள இடத்தின் வழியாகப் பதினைந்து, இருபது மெல்லிய குழல் ஊசிகளைச் சுரப்பிக்குள் செலுத்துவார்கள். ஒரு கம்பி முனையில் பொருத்திய இரிடியம்-192 துகள் ஒவ்வொரு ஊசிக்குள்ளும் போய், கணினி சொன்ன இடத்தில் சொன்ன விநாடி நின்றுவிட்டுத் திரும்பும். கதிர் கொடுப்பது சில நிமிடங்களில் முடிந்துவிடும். பிறகு ஊசிகளை எடுத்துவிடுவார்கள். உடம்பில் கதிர் ஏதும் மிஞ்சாது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் இதே மாதிரிக் கருவிதான் பயன்படுகிறது. ஆனால் கருவி இருக்கிற எல்லா மருத்துவமனையிலும் புராஸ்டேட்டுக்குச் செய்வதில்லை. அதற்குத் தனிப் பயிற்சியும் தனி ஸ்கேன் ஏற்பாடும் வேண்டும்.

சரி, சேர்த்துக் கொடுத்தால் பலன் என்ன? வரவுப் பக்கத்தைப் பார்ப்போம்.

கனடாவில் 2002 முதல் 2011 வரை 398 பேரை ஓர் ஆய்வில் சேர்த்தார்கள். எல்லோருக்கும் நடுத்தர அல்லது அதிக ஆபத்துள்ள நோய். எல்லோருக்கும் ஓராண்டு ஹார்மோன் ஊசி. எல்லோருக்கும் இடுப்புப் பகுதிக்கு 46 கிரே வெளிக்கதிர். அதன்பின் பாதிப்பேருக்கு மீதியையும் வெளிக்கதிராகவே கொடுத்து 78 கிரே ஆக்கினார்கள். மீதிப் பாதிப்பேருக்கு அயோடின் மணி நட்டார்கள். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில்தான் முடிவு செய்தார்கள். 2017-ல் முடிவு வந்தது. ஒன்பது ஆண்டுக் கணக்கில், நோய் தலைதூக்காமல் இருந்தவர்கள் வெளிக்கதிர் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 62 பேர், இரண்டும் பெற்றவர்களில் 83 பேர். இங்கிலாந்தில் இரிடியம் முறையைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்விலும் பி.எஸ்.ஏ. மறுபடி ஏறுவது குறைந்தது.

இடுப்பு நெறிகளையும் சேர்த்துக் கதிர் கொடுப்பதில் பலன் உண்டா என்று நம் நாட்டிலேயே மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் பார்த்தார்கள். அதிக ஆபத்துள்ள 224 பேர். இது முழுக்க வெளிக்கதிர் ஆய்வு. சுரப்பிக்கு மட்டும் கொடுத்தவர்களில் ஐந்தாண்டு கழித்து நூற்றுக்கு 81 பேருக்குப் பி.எஸ்.ஏ. கட்டுக்குள் இருந்தது. நெறிகளையும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 95 பேருக்கு. 2021-ல் வெளியான இந்த முடிவை உலகம் முழுக்கப் பேசினார்கள். சுற்றுவட்டாரத்தைத் துடைக்க வேண்டும் என்று சொன்னேனே, அதற்கு ஆதாரம் இது.

இனி செலவுப் பக்கம். இதை மறைத்துவிட்டுப் பேசினால் அது விளம்பரம் ஆகிவிடும்.

ஒன்று, கனடா ஆய்வில் நோய் கட்டுப்பட்டது உண்மை. ஆனால் மொத்தத்தில் எத்தனை பேர் உயிரோடு இருந்தார்கள் என்று பார்த்தால், இரண்டு அணிக்கும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. இந்த நோய் மெதுவாக நடப்பது. வயதானவர்களில் பலர் மாரடைப்பு போன்ற வேறு காரணத்தால் காலமாகிறார்கள். நோய் திரும்பாமல் இருந்தால் மறுபடி ஊசி, மறுபடி ஸ்கேன், எலும்புக்குப் போய்விடுமோ என்ற பயம், இதெல்லாம் மிச்சம். அதற்காக ‘ஆயுசு கூடும்’ என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது.

இரண்டு, சிறுநீர்த் தொல்லை. அதே ஆய்வில் ஐந்தாண்டுக்குள் கடுமையான சிறுநீர்த் தொல்லை வந்தவர்கள் வெளிக்கதிர் அணியில் நூற்றுக்கு 5 பேர், மணி நட்ட அணியில் 18 பேர். குழாய் சுருங்கி அடைத்துக்கொள்வது போன்ற தொல்லைகள். பலருக்கு வைத்தியத்தில் சரியானது. ஆனால் வந்தது வந்ததுதான்.

மூன்று, எல்லோருக்கும் இது தேவை இல்லை. அமெரிக்காவில் நடுத்தர ஆபத்துள்ள ஏறத்தாழ 580 பேரிடம் வேறு விதமாகப் பார்த்தார்கள். ஒரு பாதிக்கு மணி மட்டும், மறு பாதிக்கு வெளிக்கதிரும் மணியும். ஐந்தாண்டில் பலனில் வித்தியாசம் இல்லை, பக்க விளைவுதான் சேர்த்துக் கொடுத்தவர்களுக்குக் கூடியது. 2023-ல் வந்த முடிவு இது. ஆக, ‘ரெண்டும் கொடுத்தால் நல்லது’ என்று பொதுவாகச் சொல்லக்கூடாது. எந்தத் தரத்து நோய் என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இதை இரண்டு ஆட்களை வைத்துச் சொல்கிறேன், விளங்கும்.

ஒருவர் என் அத்தான், அக்காள் கணவர். மானாவாரி விவசாயி. உளுந்தும் பாசியும் போடுகிறவர். எழுபதைத் தொட்ட வயது. பி.எஸ்.ஏ. 24, கிளீசன் 8, ஸ்கேனில் வேறு எங்கும் பரவல் இல்லை. மதுரையில் ஒரு மருத்துவமனையில் இரண்டு வழி சொன்னார்கள். 39 தவணை வெளிக்கதிர் ஒரு வழி. 23 தவணை வெளிக்கதிரும், ஒரு நாள் இரிடியம் முறையில் உள்கதிரும் இன்னொரு வழி. எதை எடுத்தாலும் இரண்டு ஆண்டு ஹார்மோன் ஊசி. சிறுநீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்று ஓர் இயந்திரத்தில் அளந்து பார்த்தார்கள். நன்றாக இருந்தது. ‘உங்களுக்கு இரண்டும் சேர்த்தால் பலன் கூடும், ஆனால் சிறுநீர்ப் பாதையில் தொல்லை வரலாம், யோசித்துச் சொல்லுங்கள்’ என்றார் மருத்துவர்.

அன்றைக்கு ரயிலில் திரும்பி வரும்போது அத்தான் பேசவே இல்லை. கோவில்பட்டி தாண்டியதும், ‘மாப்ளே, கொஞ்ச நாள் எரியும்னா தாங்கிக்கிடலாம். வருசா வருசம் திரும்ப வந்துருமோ, திரும்ப வந்துருமோன்னு உட்கார்ந்திருக்க என்னால முடியாது’ என்றார். அவருடைய முடிவு அது. இன்னொருவர் வேறு மாதிரி முடிவு செய்திருந்தாலும் அதுவும் சரிதான்.

நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சிகிச்சை முடிந்து இரண்டு மாதம் சிறுநீரில் எரிச்சல். ராத்திரி ஐந்து தடவை எழுந்தார். மாத்திரையில் குறைந்தது. ஹார்மோன் ஊசியால் உடம்பு திடீர் திடீரென்று காந்தியது, வேர்த்தது, அசதி. ஒன்றரை ஆண்டு கழித்துக் குழாயில் ஒரு சுருக்கம் வந்து, மருத்துவமனையில் சேர்த்து விரித்துவிட்டார்கள். அந்த நூற்றுக்குப் பதினெட்டில் அவரும் ஒருவர் ஆகிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு ஆண்டு ஆகிறது. பி.எஸ்.ஏ. 0.1-க்குக் கீழே நிற்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை போய்ப் பார்த்து வருகிறோம். போன புரட்டாசியில் விதைப்புக்கு அவரேதான் நின்றார்.

இன்னொருவர் என்னோடு வேலை பார்த்த நண்பர். ஏற்கெனவே புராஸ்டேட் வீக்கத்துக்காகக் குழாய் வழியாகச் சுரண்டி எடுக்கும் அறுவை செய்தவர். சிறுநீர் வேகமும் குறைவு. நோய் நடுத்தரம். ‘உங்களுக்கு ஊசி குத்தி உள்கதிர் கொடுத்தால் தொல்லைதான் கூடும், வேண்டாம்’ என்று மருத்துவர் சொல்லிவிட்டார். 20 தவணை வெளிக்கதிரோடு முடிந்தது. அவரும் நலமாக இருக்கிறார். ‘எனக்கு மட்டும் ஒண்ணுதான் வச்சாங்க, கவனிக்காம விட்டுட்டாங்களோ’ என்று என்னிடம் வருத்தப்பட்டார். அவருக்கு நான் சொன்னது இதுதான்: ஒன்று வைத்தது கஞ்சத்தனமும் இல்லை, இரண்டு வைத்தது ஆபத்தின் அறிகுறியும் இல்லை. ஆளுக்குத் தக்க அளவுச் சட்டை.

வீட்டில் வரும் சில பயங்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

வெளிக்கதிர் வாங்கிவந்தவர் பக்கத்தில் உட்கார்ந்தால் நமக்குக் கதிர் படுமா? படாது. இயந்திரம் நின்றதும் கதிர் நின்றுவிடும். இரிடியம் முறையிலும் அப்படித்தான். என் அக்காள் பேரப்பிள்ளையைத் தாத்தா மடியில் உட்காரவிடாமல் ஒரு வாரம் இழுத்து இழுத்து வைத்திருந்தாள். தேவையே இல்லை. நிரந்தர மணி நட்டவர்கள் மட்டும் முதல் சில மாதம் கர்ப்பிணிகளிடமிருந்து தள்ளி இருக்க வேண்டும், சின்னக் குழந்தைகளை அதிக நேரம் மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லி அனுப்புவார்கள்.

தலைமுடி கொட்டுமா? இடுப்பில் கொடுக்கும் கதிருக்குத் தலைமுடி கொட்டாது.

தினமும் தண்ணீர் குடிக்கச் சொல்வது எதற்கு? சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அதன் பெரும்பகுதி கதிர்ப் பாதையைவிட்டு மேலே விலகி நிற்கும். மலக்குடல் காலியாக இருந்தால் சுரப்பி இடம் மாறாது. அதற்காகத்தான் ‘மோஷன் போய்விட்டு வா, தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு காத்திரு’ என்கிறார்கள். எழுபது வயது ஆளுக்கு இது பெரிய தவம். ஆனால் செய்தாக வேண்டும்.

பணத்துக்கும் பயணத்துக்கும் வருகிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சையும் சேரும். திட்டமிடும் நாளிலேயே காப்பீட்டுப் பிரிவில் போய், வெளிக்கதிர், உள்கதிர் இரண்டுக்கும் ஒப்புதல் உண்டா என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றுக்கு வாங்கிவிட்டு மற்றதுக்கு வாங்காமல் விட்டால் நடுவில் திண்டாட வேண்டியிருக்கும். நமக்குப் பக்கத்தில் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கதிர்வீச்சுப் பிரிவு இருக்கிறது. நம் ஜங்ஷனில் ஏறினால் தினமும் போய் வரக்கூடிய தூரம். வெளிக்கதிரைப் பக்கத்திலும், உள்கதிரை அது செய்கிற பெரிய ஊரிலும் பெற முடியுமா என்று இரண்டு இடத்து மருத்துவர்களையும் கேட்டுப் பார்க்கலாம். புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போகிறவருக்கும் கூடப் போகிறவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனையில் அதற்குரிய படிவத்தில் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நான் எழுதிக்கொண்டு போனவை இவை:

1. என் நோய் எந்தத் தரம்? குறைவா, நடுத்தரமா, அதிகமா?
2. எனக்கு ஒரு விதக் கதிர் போதுமா, இரண்டும் சேர்த்தால் கூடுதல் பலன் என்ன?
3. என் சிறுநீர் வேகம், சுரப்பியின் அளவு, முன்பு செய்த அறுவை இவற்றைப் பார்த்தால் உள்கதிர் எனக்கு ஒத்துவருமா?
4. இங்கே புராஸ்டேட்டுக்கு உள்கதிர் வழக்கமாகச் செய்கிறீர்களா, வேறு ஊருக்குப் போக வேண்டுமா?
5. ஹார்மோன் ஊசி எத்தனை மாதம்? என் இதயம், சர்க்கரை, எலும்பு இவற்றுக்கு அது சரிப்படுமா?
6. மொத்தம் எத்தனை நாள் வர வேண்டும், காப்பீடு எதற்கெல்லாம் உண்டு?
7. அறுவைச் சிகிச்சை எனக்கு ஒரு வழியா?

இதில் எதைக் கேட்டாலும் நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார். ஏழாவது கேள்விக்குச் சிறுநீரகவியல் மருத்துவரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

கடைசியாக இங்கே உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சிமாருக்கு ஒரு வார்த்தை. கிஸ்தி கட்டக் கடைசி நாள் எதுவென்று நமக்குத் தெரியும். காப்பீட்டுப் பிரீமியத் தேதி தெரியும். மழை பெய்த தேதிகூட வருஷ வாரியாகச் சொல்வோம். ஒன்றுக்குப் போவதில் தொந்தரவு என்று மட்டும் பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல மாட்டோம். இன்று நான் சொன்ன இரண்டு கதிர், ஒரு கதிர் என்ற தேர்வெல்லாம் நோய் இடுப்புக்குள் இருக்கிறவரைக்கும்தான். எலும்புக்குப் போன பிறகு வைத்தியம் உண்டு, ஆனால் கணக்கு வேறு. ஐம்பது தாண்டியவர்கள், அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் முன்பே, பி.எஸ்.ஏ. பார்க்கலாமா என்று மருத்துவரிடம் பேசுங்கள். கட்டாயம் பார்த்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பேசாமல் இருக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். சிறுநீரில் ரத்தம் கண்டால், விடாத இடுப்பு வலி இருந்தால் தள்ளிப் போடவே கூடாது.

தாய்மார்களும் மருமகள்மாரும் வீட்டுப் பெரியவர் ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறார் என்று கொஞ்சம் கவனியுங்கள். அவர் சொல்லமாட்டார். கொல்லைப்புற விளக்கு சொல்லிவிடும்.

யாருக்காவது பயாப்சி அறிக்கையோ காப்பீட்டுப் படிவமோ புரியவில்லை என்றால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள். வைத்தியம் சொல்ல மாட்டேன். ஆனால் எந்தத் தாளில் எதைப் பார்க்க வேண்டும், யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று சேர்ந்து உட்கார்ந்து குறித்துக் கொடுப்பேன்.